வீட்டுப் புரையிடத்தில் நல்லமிளகுக் கொடி

ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றில் 'ஹாப்ஸ்' என்னும் கொடியைப் பற்றிப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே உயிரியல் கூடத்திற்கு வந்து, "டீச்சர், இது நம்ம வீட்டில வளருமா?" என்று கேட்டாள். படத்தில் உயரமான கம்புகளைச் சுற்றிக்கொண்டு பச்சைக் கொடிகள் நின்றன. ஒரு குடும்பம் முழுவதும் கூடைகளுடன் காய் பறித்துக்கொண்டிருந்தது. வளராது என்று ஒரு சொல்லில் விடை கூறி அவளை அனுப்பியிருக்கலாம். ஏன் வளராது என்று கூறப்போய், அவள் வீட்டுக் கமுகில் என்ன வளரும் என்பதில் பேச்சு முடிந்தது. அந்தப் பேச்சை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி. அதன் பூக்காய்களின் கசப்பு, பார்லித் தானியத்தில் காய்ச்சும் பானம் கெடாமல் காக்கும். 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கன்னியர் மடத் தலைவியாக இருந்த புனித ஹில்டெகார்ட், செடிகொடிகளைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறித்திருக்கிறார். மடங்களின் தோட்டங்களில் மருந்துச் செடிகளோடு இக்கொடியும் இருந்தது. இது பூப்பதற்குப் பகற்பொழுதின் நீளம் கணக்கு. லண்டனில் கோடையில் பகல் 16 மணி நேரத்திற்கும் மேல் நீளும். குளிர்காலத்தில் 8 மணி நேரத்திற்கும் குறையும். கோட்டாறோ நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே இருக்கிறது. நமக்கு ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. போதாக்குறைக்கு, ஹாப்ஸ் கொடி குளிர்காலத்தில் மண்ணுக்கு மேல் பட்டுப்போய், வேர் உறங்கி எழ வேண்டும். நம் ஊரில் அதற்கு உறங்கக் குளிர் ஏது? இந்தியாவில் அதைப் பயிரிடும் இடம் இமயமலையில் லாகுல் பள்ளத்தாக்கு. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். மரத்தைப் பற்றி ஏறி, ஒரு வீட்டின் அடுக்களைக்கும் கைச்செலவுக்கும் உதவும் கொடி நம்மிடமே உண்டு. அதுதான் நல்லமிளகு.

பிற மாவட்டத்தார் வெறுமனே மிளகு என்பதை நாம் நல்லமிளகு என்கிறோம். மிளகாய் நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. வந்த புதுக் காய்க்கு, காரத்தில் மிளகு போன்ற காய் என்று பொருள்பட மிளகாய் என்று பெயரிட்டார்கள். அதற்குமுன் நம் முன்னோரின் குழம்பிலிருந்த காரமெல்லாம் இக்கொடியின் காரமே. சங்க நூல்களில் இதன் பெயர் கறி. இதன் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இங்கிருந்து கப்பலேறிய மிளகு எவ்வளவு மதிப்புப் பெற்றதென்றால், கி.பி. 408-இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்ற கோத்தியர் தலைவன், நகரை விடுவிக்கப் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினான். 1498-இல் வாஸ்கோடகாமா வந்ததும் இதைத் தேடியே. நமக்கு இன்னும் அருகிலுள்ள நிகழ்ச்சி 1741-ஆம் ஆண்டின் குளச்சல் போர். மிளகு வாணிபத்தின் பிடி தளர்ந்துவிடும் என்று அஞ்சிய டச்சுக் கம்பெனியார் குளச்சலில் இறங்கி, மார்த்தாண்டவர்மர் படையிடம் தோற்றனர். சிறைப்பட்ட தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். அவருடைய நட்பினால் கிறிஸ்தவ மறையை அறிந்த நீலகண்ட பிள்ளையே, நம் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் துயிலும் புனித தேவசகாயம். மிளகுக்காகக் கப்பல் வராதிருந்தால் அந்த இருவரும் சந்தித்திருப்பார்களா என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

மிளகின் தாவரப் பெயர் பைப்பர் நைக்ரம். வெற்றிலையும் திப்பிலியும் இதே பைப்பர் இனத்தைச் சேர்ந்தவை. மூன்றின் இலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தவை என்பது விளங்கும். ஹாப்ஸ் கொடி தண்டிலுள்ள சுணையினால் பற்றிக்கொண்டு, கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். மிளகுக் கொடி சுற்றுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் குட்டை வேர்களை விட்டு மரப்பட்டையை இறுகப் பற்றி நேராக ஏறும். இந்த வேர்கள் மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றன என்று பலர் எண்ணிக்கொண்டு, பலாவில் மிளகு ஏற்றினால் பலா காய்க்காது என்று கொடியை அறுத்துவிடுகிறார்கள். அது தவறு. பற்று வேர்களின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமே. உணவும் நீரும் மண்ணிலுள்ள வேர்களால் வருகின்றன. மிளகு ஒட்டுண்ணி அன்று.

பூக்களில் மற்றொரு புதுமை உண்டு. ஹாப்ஸில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு, பயன்படுவது பெண்கொடியே. காட்டு மிளகிலும் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனிக் கொடிகளே. மக்கள் பல தலைமுறைகளாக நன்கு காய்க்கும் கொடிகளையே தேர்ந்தெடுத்துப் பதியம் வைத்து வந்ததால், நாம் வளர்க்கும் வகைகளில் ஒரே பூவில் இரண்டு உறுப்புகளும் அமைந்திருக்கின்றன. விளக்குத் திரியைப்போல் தொங்கும் தண்டில் இதழே இல்லாத சிறு பூக்கள் நெருக்கமாக இருக்கும். தொங்கும் திரியில் மகரந்தம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மழைத்துளியும் அதற்குத் துணை செய்கிறது. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் மழை பொய்த்தால் திரி நீண்டிருந்தும் மணி பிடிக்காமல் வெறும் திரியாக நிற்கும்.

நம் மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கங்களில் மிளகு தானாக வளர்வதுபோல் வளரும். அங்கே மழை அதிகம். மலையடிவாரத்தின் ஈரக்காற்று உண்டு. கோட்டாற்றில் மழை அவ்வளவு இல்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. பெரும்பாலான வீடுகளில் கிணறோ குழாயோ உண்டு. தென்னை, கமுகு, மா, பலா, ஆயினி என்று ஏதாவது ஒரு மரம் நிற்காத புரையிடம் அரிது. ஒரு கொடி வளர்க்க இவ்வளவு போதும். மரத்தில் சொரசொரப்பான பட்டை வேண்டும். பட்டை உரியும் மரம் ஆகாது. முருங்கை எளிதில் முறியும் மரம், ஆகையால் அதையும் விட்டுவிடலாம். மரமே இல்லாதவர்கள் முள்முருக்குக் கம்பையோ கிளைரிசிடியாக் கம்பையோ கோடை மழையில் நட்டு, அது தழைத்தபின் கொடியை வைக்கலாம்.

விதை போட்டும் மிளகு முளைக்கும். ஆனால் விதைக்கன்று தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை, காய்க்கவும் நெடுநாளாகும். ஆகையால் தண்டு வெட்டியே நட வேண்டும். கொடியின் அடியிலிருந்து தரையில் நீண்டு ஓடும் ஓடுகொடிகளே நடுவதற்கு ஏற்றவை. அவை மண்ணில் வேரூன்றிவிடாதபடி ஒரு சிறு கம்பில் சுருட்டி வைத்திருந்து, பிப்ரவரி, மார்ச்சில் வெட்ட வேண்டும். இளம் நுனியையும் முற்றிய அடியையும் தள்ளி, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி, இலைகளைக் காம்பு நிற்கும்படி கிள்ளி, மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பையில் ஊன்றி நிழலில் வைத்தால், மழை தொடங்கும்போது கன்று ஆயத்தமாகிவிடும்.

வகையைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தில் கண்ணூருக்கு அருகிலுள்ள பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1971-இல் வெளியான பன்னியூர் 1, மிளகில் முதல் கலப்பின வகை. திரி நீளமானது, மணி பருத்தது. ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். தோப்பு நிழல் அடர்ந்த வீட்டில் அதை வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. நிழலில் காய்ப்பதற்குக் கரிமுண்டா நல்லது. தென்திருவிதாங்கூருக்குப் பழகிய மற்றொரு வகை கொட்டநாடன்.

நடும் முறை இது: மரத்தின் வடக்குப் பக்கத்தில், அடியிலிருந்து ஓர் அடி தள்ளி, அரை மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிக் கன்றை வைக்க வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் வைத்தால் கோடையின் பிற்பகல் வெயில் இளங்கொடியைக் கருக்கிவிடும். கொடி பற்றும்வரை வாழைநாரினால் மரத்தோடு தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு கொடிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் போதும். காய்ந்த இலைகளை அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். காய்க்கும் கொடிக்கு மார்கழி முதல் மார்ச் இறுதிவரை நீர் விட்டு, பிறகு பருவமழை வரும்வரை நிறுத்திவிட்டால் காய்ப்புக் கூடும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். சிறிது வாடி நின்ற கொடி மழை பட்டவுடன் ஒரே சீராகத் திரி விடுகிறது. மரத்தின் கிளைகளை மே, ஜூனில் கழித்து வெளிச்சம் விட வேண்டும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நானே ஒரு கொடியைக் கொன்றேன். அதை மறைத்து எழுதுவது முறையாகாது.

எங்கள் வீட்டுப் புரையிடம் பன்னிரண்டு சென்ட். அதில் கிணற்றங்கரைப் பலாவில் என் தகப்பனார் நட்ட கொடி ஒன்று இருந்தது. அவர் இறந்தபின், ஒவ்வோர் ஆண்டும் தைமாதம் அம்மை அந்த மிளகைக் காயவைத்து, வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கோட்டாறு கம்போளத்தில் கொடுத்துவிட்டு வருவாள். நானும் என் தங்கையும் படித்த காலத்தில் நோட்டுப் புத்தகமும் சீருடைத் துணியும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். 2021 செப்டம்பரில், விடுமுறை நாள் ஒன்றில், கொடியின் மூட்டைச் சுற்றி அழகாக வட்டத்தடம் வெட்டி உரம் போட்டேன். அம்மை திண்ணையிலிருந்து, "மழைக் காலத்தில கொடிக்க மூட்டில மண்வெட்டி படப்பிடாது மக்களே" என்றாள். நான் கேட்கவில்லை. உயிரியல் படித்தவள் அல்லவா!

அந்த நவம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் வெட்டிய தடம் குளம்போல் நிறைந்து நின்றது. மழை விட்ட சில நாட்களில் இலைகளில் நனைந்தாற்போன்ற கரும்புள்ளிகள் கண்டன. மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து அழுகியது. திரி நிறையப் பச்சை மணியோடு நின்ற கொடி மூன்று வாரத்தில் இலையுதிர்த்துக் காய்ந்தது. தை பிறக்க ஒரு மாதத்திற்குமேல் இருந்தது. அம்மை என்னை ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த திரிகளில் கறிக்கு உதவும் மணி ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இந்நோய்க்கு விரைவு வாடல் என்று பெயர். அடியழுகல் என்றும் கூறுவர். இதை உண்டாக்குவது பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இதன் வித்துகள் நீரில் நீந்தும் தன்மையுடையவை. ஆகவே தேங்கிய நீர் அவற்றுக்குப் பாதை. மண்வெட்டி பட்டு அறுந்த வேர் அவற்றுக்குக் கதவு. நான் பாதையையும் அமைத்துக் கதவையும் திறந்துவிட்டேன். மழைக்காலத்தில் மூட்டில் மண் அணைத்து மேடாக்க வேண்டுமேயன்றிப் பள்ளமாக்கலாகாது. துணி துவைக்கும் கல்லின் நீரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தரையில் புரளும் ஓடுகொடிகளைத் தூக்கிக் கட்ட வேண்டும். மண்ணில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை வேப்பம்பிண்ணாக்கோடும் தொழுவுரத்தோடும் கலந்து இடுவது இப்போதைய வழக்கம்.

பழைய மருந்தாகிய போர்டோக் கலவை இன்றும் கைகொடுக்கிறது. பிரான்சு நாட்டில் போர்டோ நகருக்கு அருகே, வழிப்போக்கர் திராட்சை திருடாதிருக்கப் பாதையோரக் கொடிகளில் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அக்கொடிகளை மட்டும் நோய் தாக்கவில்லை என்பதைக் கண்ட மில்லார்டே என்னும் பேராசிரியர், ஆராய்ந்து 1885-இல் மருந்தாக வெளியிட்டார். வீட்டில் செய்ய 100 கிராம் துருசை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துருசு நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் மண்ணாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். கலவையில் ஓர் இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துருசு மிஞ்சியிருக்கிறது. இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இரும்பு செம்பை இடப்பெயர்ச்சி செய்கிறது என்று வேதியியலில் எழுதுகிறீர்களே, அதுதான் இது. ஜூன் மழைக்குமுன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குமுன் ஒருமுறையும் இலையிலும் தண்டிலும் தெளிக்கலாம். துருசு நச்சுப்பொருள். பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இறந்த கொடியிலிருந்து கன்று எடுக்கலாகாது. நோயும் கூடவே வரும். பன்னியூர்க் கன்று வாங்கி வைக்கலாம் என்று நான் சொன்னபோது அம்மைக்கு வேறொரு நினைவு வந்தது. தகப்பனார் இருந்த காலத்தில் அடுத்த தெருவில் ஒரு வீட்டார் ஓடுகொடி கேட்டு வாங்கிப்போனார்கள். போய்ப் பார்த்தோம். அவர்கள் வீட்டு ஆயினியில் கூரைக்குமேல் ஏறி அக்கொடி நின்றது. தண்டு வெட்டி வளர்க்கும் கன்று, தாயின் பிள்ளை அன்று, தாயேதான். மரபுப் பண்புகளில் இம்மியும் வேறுபாடு இல்லை. உடல்வழி இனப்பெருக்கம் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எத்தனையோ முறை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அது எங்கள் வீட்டிற்கு என்ன பொருள் என்பது அந்த ஆயினி மூட்டில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. 2022 பிப்ரவரியில் தண்டு வெட்டினோம். ஜூனில், பழைய இடத்தை விட்டு, மறுபுறமுள்ள கமுகின் வடக்கே அம்மை தன் கையாலேயே நட்டாள்.

மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கிற்று. ஏழெட்டு ஆண்டு ஆனால் முழு விளைச்சல் தரும். நன்றாகப் பேணினால் இருபது ஆண்டு நிற்கும். திரியில் ஒன்றிரண்டு மணி சிவந்தவுடன் பறிக்க வேண்டும். எல்லாம் சிவக்கட்டும் என்றிருந்தால் குருவிகள் முந்திக்கொள்ளும். உதிர்த்த மணியை ஒரு துணியில் கட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துப் பாயில் பரப்பினால் சீராகக் கறுக்கும். பச்சை மிளகு கறுப்பது வெயிலின் சூட்டினால் மட்டும் அன்று. தோலிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதும் அவ்வாறே. ஐந்தாறு நாள் காய்ந்தால் மூன்று கிலோ பச்சை மணி ஒரு கிலோவாகும். பழுத்து முற்றும் சிவந்த மணியை ஏழெட்டு நாள் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கினால் அதுவே வெள்ளை மிளகு. இரண்டும் ஒரே கொடிதான் என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப்பேர் நம்புவதில்லை.

காரத்திற்குக் காரணம் பைப்பரின் என்னும் பொருள். 1819-இல் அதைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க் அறிஞர் எர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டறிந்தாரென்று இயற்பியலில் படிக்கிறீர்களே, அவரேதான். பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தால் மஞ்சளிலுள்ள குர்க்குமின் உடலில் பன்மடங்கு அதிகமாகச் சேர்கிறது என்று பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டனர். தொண்டைக்கட்டுக்கு மஞ்சளும் நல்லமிளகும் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சும் பாட்டிமார் அந்த ஆய்வைப் படித்தவர்கள் அல்லர்.

மரமோ நிலமோ இல்லாத, வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. ஓடுகொடிக்குப் பதிலாக, காய்க்கும் பக்கக் கிளையை வேர்பிடிக்க வைத்தால் அது ஏறாது; புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். வேர்பிடிப்பது சற்றுக் கடினம். பத்து வைத்தால் சில தப்பும். பாதி நிழல் விழும் திண்ணையோரம் போதும். ஒரு தொட்டியிலிருந்து ரசத்திற்கும் தீயலுக்கும் அவ்வப்போது ஒரு பிடி கிடைக்கும்.

சென்ற தையில் எங்கள் புதுக்கொடி தந்தது காய்ந்து முக்கால் கிலோவிற்குச் சற்றுக் குறைவு. அம்மை அதைக் கம்போளத்திற்குக் கொடுக்கவில்லை. ஓடுகொடிகள் ஐந்து கம்பில் சுருட்டி வைத்திருக்கின்றன. வரும் பிப்ரவரியில் வெட்டுவோம். கன்று வேண்டும் பிள்ளைகள் உயிரியல் கூடத்தில் பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு இரண்டு பாலித்தீன் பையும், ஒரு சிரட்டை ஆற்றுமணலும் கொண்டுவர வேண்டும். முதற்பெயர் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியுடையது. அதை நானே எழுதிவிட்டேன்.